நோயாளி ‘கெட்’ என்று சொல்லும்போது

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில் ஒரு மருத்துவமனையில் முதியோர் வார்டில் செவிலியராக இருக்கிறேன். நாகர்கோவிலில் படித்து, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதி, இங்கே பதிவு வாங்கி வந்தவள். இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் சில வாரம் கூட நின்று வேலை பழக்கிவிடுவதும் என் பொறுப்பு. மருந்து ட்ராலி, ஃபாரம், மெஷின் எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடுகின்றன. பேச்சுதான் தட்டுகிறது. அதிலும் எல்லாரையும் ஒரே மாதிரி நிறுத்திவைப்பது ‘கெட்’ (get) என்கிற குட்டி ஆங்கிலச் சொல். அதனால் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஓஇடி படித்தவர்களுக்குத் தெரியும். எழுத்துத் தேர்வில் ஒரு நோயாளியைப் பற்றி 180 முதல் 200 சொற்களில் கடிதம் எழுத வேண்டும். அங்கே ‘கெட்’ எழுதினால் பயிற்சி வகுப்பில் சிவப்பு மையில் வட்டம் விழும். ‘ரிசீவ்ட்’ போடு, ‘டெவலப்ட்’ போடு, ‘பிகேம்’ போடு என்பார்கள். கடிதத்துக்கு அது சரிதான். ஆனால் மாதக்கணக்கில் அந்தச் சொல்லை ஒதுக்கி ஒதுக்கிப் பழகிவிட்டு இங்கே வந்து இறங்கினால், எண்பது தொண்ணூறு வயது யார்க்‌ஷயர்க்காரர்கள் வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது. காலையில் ஒரு சுற்று போய்வந்தாலே போதும். “ஐ கான்ட் கெட் கம்ஃபர்டபிள்.” “குட் யூ கெட் மை கிளாசஸ், லவ்?” “ஐ டிடின்ட் கெட் எனி ஸ்லீப்.” “வென் ஆம் ஐ கெட்டிங் ஹோம்?” நாலு கட்டிலில் நாலு ‘கெட்’. நாலுக்கும் தமிழில் வேறு வேறு வினை. படுக்க வசதிப்படவில்லை, கண்ணாடியை எடுத்துக் கொடு, தூக்கமே வரவில்லை, எப்போது வீட்டுக்குப் போவேன்.

பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் ‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு வார்டில் பத்து நிமிஷம்கூட ஓட்ட முடியாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு வழி. ‘பெறு’வை விட்டுவிட்டு ‘எனக்கு’ என்று ஆரம்பியுங்கள்.

தமிழில் நோய் நம்மிடம் வரும். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, எனக்கு மயக்கம் வருது, மூச்சு வாங்குது, தலை சுத்துது, கால் மரத்துப்போகுது. நாம் சும்மா இருக்கிறோம், அது வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’ முன்னால் வந்து நின்றுகொள்ளும், நம்முடைய வருது, வாங்குது, சுத்துது எல்லாம் போய் அந்த இடத்தில் ‘கெட்’ உட்காரும். “ஐ கெட் டிஸி.” “ஐ கெட் அவுட் ஆஃப் ப்ரெத்.” “ஐ கெட் கிராம்ப்ஸ்.” ‘ஐ கெட்’ என்று காதில் விழுந்ததும் மனசுக்குள் ‘எனக்கு...’ என்று தொடங்கிவிட்டால், வாக்கியத்தின் மீதிப் பாதி தானாகத் தமிழில் வந்து சேர்ந்துகொள்ளும். மொழிபெயர்க்கவே வேண்டாம்.

அடுத்தபடி, ‘கெட்’டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். தனியாக நின்றால் அதற்குப் பெரிதாக ஒன்றும் பொருள் கிடையாது. பின்னால் வரும் சொல்தான் பொருள் கொடுக்கிறது. பின்னால் ஒரு பொருள் வந்தால் கிடைத்தது, வாங்கினேன், எடுத்துக் கொடு. ஒரு நிலை வந்தால் ‘ஆகு’: ‘கெட்டிங் டயர்ட்’ என்றால் களைப்பாகிறது, ‘கெட்டிங் கன்ஃப்யூஸ்ட்’ என்றால் குழப்பமாகிக்கொண்டு வருகிறார். இடம் வந்தால் போய்ச் சேர்வது. பின்னால் ஓர் ஆளும் ‘டு’வும் வந்தால் நம் ‘வை’: “கேன் யூ கெட் ஹிம் டு ஈட்?” என்றால் அவரைச் சாப்பிட வைக்க முடியுமா. ஆள் இல்லாமல் வெறும் ‘டு’வோடு ஒரு வினை வந்தால் வாய்ப்பு. இந்தக் கடைசி வகையை ஒரு தாத்தாவிடம் கேட்டேன். மனைவி வேறொரு மருத்துவமனையில் இறந்துபோனதைச் சொல்லிக்கொண்டு வந்தவர், “ஐ நெவர் காட் டு ஸே குட்பை” என்றார். விடை சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ‘காட் டு’வுக்கு ‘கொடுத்துவைக்கவில்லை’யைத் தவிர வேறு தமிழ் எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு மருந்து ட்ராலியை ஓரமாக நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை சொன்னது பேச்சு புரிவதற்கு. இனிமேல் சொல்லப்போவது நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. ‘கெட்’ எந்தக் காலத்தில் வருகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நெஞ்சு இறுக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். “ஐ கெட் எ டைட்னெஸ்” என்றால் அவருக்கு அப்படி வருவது வழக்கம்; படியேறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும், வருஷக்கணக்காக இருக்கலாம். “ஐ காட் எ டைட்னெஸ்” என்றால் ஒருமுறை வந்தது, முடிந்துவிட்டது. “ஐ’ம் கெட்டிங் எ டைட்னெஸ்” என்றால் நீங்கள் நின்றுகொண்டிருக்கும் இந்த நிமிஷம் வந்துகொண்டிருக்கிறது. “ஐ’வ் பீன் கெட்டிங் இட்” என்றால் கொஞ்ச நாளாக வருகிறது, இன்னும் நிற்கவில்லை. “ஐ கீப் கெட்டிங் இட்” என்றால் விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. நோயும் ஒன்று, சொல்லும் ஒன்று. ஆனால் நாம் செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் வேறு. இப்போது வருகிறது என்றால் உடனே பிபி, நாடி, ஆக்சிஜன் பார்த்து, ஈசிஜி எடுத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். வழக்கமாக வருவது என்றால் எப்போதிருந்து, என்ன செய்தால் வருகிறது, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் அடிக்கிற ஸ்ப்ரே அடித்தால் அடங்குகிறதா என்று விசாரிக்க வேண்டும். முன்பு படியேறினால் மட்டும் வந்தது, இப்போது சும்மா படுத்திருக்கும்போதும் வருகிறது என்றால் அதை வழக்கம் என்று விடவே கூடாது. “ஐ’வ் பீன் கெட்டிங் மோர் ஆஃப் தெம்”, அதாவது முன்பைவிட அதிகமாக வருகிறது என்று ஒரு நோயாளி பேச்சோடு பேச்சாகச் சொன்னால், அதுதான் அன்றைக்கு நீங்கள் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

இதில் நம் காதுக்குப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. “ஐ காட் எ பெயின்” என்பதற்கும் “ஐ’வ் காட் எ பெயின்” என்பதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ‘வ்’. முதலாவது, வலி வந்தது. இரண்டாவது, வலி இருக்கிறது, இப்போதே. ‘ஐ’வ் காட்’ என்பது பார்க்க இறந்தகாலம் மாதிரி தெரிந்தாலும் பிரிட்டிஷ் பேச்சில் ‘என்னிடம் இருக்கிறது’ என்றுதான் பொருள். பல் செட்டைக் கழற்றி வைத்திருக்கும் ஒருவர் போர்வைக்குள்ளிருந்து முனகும்போது அந்த ‘வ்’ காதில் விழும் என்று எதிர்பார்க்க முடியாது. எனக்கு இன்றும் பல நேரம் விழாது. அதனால் நான் ஊகிப்பதே இல்லை. “ஹேவ் யூ காட் இட் நவ்?” என்று கேட்டுவிடுவேன். இருக்கிறதா இப்போது? ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பக்கத்திலேயே ‘டு’ வந்தால் மட்டும் பொருள் மாறிவிடும்: “ஐ’வ் காட் டு கோ” என்பது கட்டாயம், போயே ஆக வேண்டும். முதியோர் வார்டில் அது பெரும்பாலும் பாத்ரூமைத்தான் குறிக்கும். ஓடுங்கள்.

பாத்ரூம் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வெட்கப்பட்டுச் சுற்றி வளைப்பதுபோல இங்கேயும் முதியவர்கள் சுற்றி வளைப்பார்கள், அதற்கும் ‘கெட்’தான் கைகொடுக்கிறது. “ஐ’ம் கெட்டிங் அப் இன் த நைட்” என்றால் தூக்கம் கெடுகிறது என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்து போகிறேன் என்பதைத்தான் அந்த வயதில் பலரும் அப்படிச் சொல்வார்கள். எத்தனை தடவை என்று கேளுங்கள். அடுத்து, “ஐ கான்ட் கெட் டு த டாய்லெட் இன் டைம்.” இதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. முட்டிக்கொண்டு வருகிறது, அடக்க முடியவில்லை என்பது ஒன்று. அடக்க முடிகிறது, கால்தான் வேகமாகப் போகவில்லை என்பது இன்னொன்று. முதலாவது என்றால் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம், மருந்துப் பட்டியலில் நீர் மாத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் கட்டில் பக்கத்தில் கமோட் நாற்காலி வைக்க வேண்டும், வாக்கிங் ஃப்ரேம் கைக்கு எட்டுகிறதா பார்க்க வேண்டும், ஃபிசியோவிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி அவசரமாக எழுந்து விழுந்துவிடுவார். நான் கேட்பது இப்படி: “டஸ் இட் கம் ஆன் டூ க்விக், ஆர் இஸ் இட் யுவர் லெக்ஸ்?” எளிய கேள்வி. இதற்கு விடை சொல்லாத பாட்டியை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ‘கெட்’டோடு ஒட்டிக்கொள்ளும் துணைச் சொற்கள். முழுப் பட்டியல் போட்டால் முடிவே இருக்காது, யாருக்கும் நினைவிலும் நிற்காது. டிஸ்சார்ஜ் பேச்சில் அடிக்கடி அடிபடுகிற சிலதை மட்டும் சொல்கிறேன். ‘கெட் அபவுட்’ என்றால் வீட்டிலும் வெளியிலும் நடமாடுவது. ‘கெட் பை’ என்றால் எப்படியோ சமாளிப்பது. “ஓ, ஐ கெட் பை” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் அங்கே நிறுத்தாதீர்கள். சமையல் யார் செய்கிறார்கள், குளிக்க முடிகிறதா, ஹீட்டர் போடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாதவர்கள்தான் அந்தச் சொல்லை அதிகம் சொல்கிறார்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் ‘எனக்கென்ன, நல்லா இருக்கேன்’ என்பதுபோல. ‘கெட்ஸ் மி டவுன்’ என்றால் மனசு சோர்ந்துபோகிறது. அதைப் புலம்பல் என்று ஒதுக்காமல் குறிப்பில் எழுதுங்கள். ‘கெட் ஓவர்’ உடம்புக்கும் உண்டு, துக்கத்துக்கும் உண்டு: சளியிலிருந்து தேறுவதும் அதுதான், கணவர் போன துக்கத்திலிருந்து மீள்வதும் அதுதான்.

‘கெட் ஆன்’ மட்டும் தனியாக நிற்கிறது. “ஹௌ ஆர் யூ கெட்டிங் ஆன்?” என்றால் எப்படிப் போகிறது. “வி டோன்ட் கெட் ஆன்” என்றால் எங்களுக்குள் ஒத்துப்போகாது. இதை ஒரு நோயாளி தன் மகனைப் பற்றிச் சொன்னால், அந்த மகன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார் என்று திட்டம் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். “ஷி’ஸ் கெட்டிங் ஆன் எ பிட்” என்றால் வயதாகிவிட்டது. “கெட்டிங் ஆன் ஃபார் நைன்ட்டி” என்றால் தொண்ணூறை நெருங்குகிறார். புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி இந்தக் கடைசியை ஹேண்ட்ஓவரில் (ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது) கேட்டுவிட்டு, “அக்கா, தொண்ணூறு என்ன? நாடியா, ஆக்சிஜனா?” என்று என் காதில் கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டும் தொண்ணூறில் இருக்கக்கூடியவைதான். கேட்காமல் எதையாவது குறித்துக்கொள்வதைவிட இப்படிக் கேட்கிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும்.

‘கெட் த்ரூ’வை நான் மறக்கவே மாட்டேன். ஒரு மாலை பார்வையாளர் நேரத்தில், ஒரு பாட்டியின் மகள் செவிலியர் மேஜைக்கு வந்து, “ஐ கான்ட் கெட் த்ரூ டு ஹர் டுடே” என்றார். வழக்கமாக இந்த வார்த்தை போனில்தான் வரும்: லைன் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மகள் கையில் போன் இல்லை. இவ்வளவு நேரம் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அப்படியென்றால் சொல்வது அம்மாவுக்குப் புரியவில்லை, பேச்சு உள்ளே போய்ச் சேரவில்லை என்று பொருள். நேற்று வரை பேரன் பேத்தி பெயரெல்லாம் சொன்னவர். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருக்கிறார், பேர் கேட்டால் சொல்கிறார், எங்கே இருக்கிறோம் என்றால் பழைய வீட்டுத் தெருவைச் சொல்கிறார். இங்கே நோயாளி மோசமாகிறாரா என்று கணக்கிட நியூஸ்-2 என்ற மதிப்பெண் முறை இருக்கிறது; ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2017-ல் வெளியிட்டது. அதில் புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டுமே 3 மதிப்பெண். ஒரே அளவீட்டில் 3 வந்தாலே அவசரமாகப் பார்க்க வேண்டும். டாக்டரை வரவழைத்தோம், தொற்று என்று தெரிந்தது, மருந்து அன்றிரவே ஆரம்பித்தது. அந்த மகள் ‘டெலிரியம்’ என்றோ ‘கன்ஃப்யூஷன்’ என்றோ சொல்லவில்லை. வீட்டு மொழியில்தான் சொன்னார். குடும்பத்தார் எப்போதும் வீட்டு மொழியில்தான் சொல்வார்கள். நோயாளியை நம்மைவிட நன்றாக அறிந்தவர்களும் அவர்கள்தான்.

யார்க்‌ஷயர் பேச்சுக்கென்று சில ‘கெட்’ தனியாக உண்டு. ‘கெட் ஷட் ஆஃப்’ என்றால் தொலைத்துத் தலைமுழுகுவது. “ஐ கான்ட் கெட் ஷட் ஆஃப் திஸ் காஃப்” என்றால் இந்த இருமல் விட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது. நீங்கள் ஏதாவது சொன்னதும் “கெட் அவே!” என்று ஒருவர் சொன்னால் விலகிப் போய்விடாதீர்கள். அது ‘அட, நிஜமாவா!’ முகத்தைப் பாருங்கள், சிரித்துக்கொண்டிருப்பார். குழம்பிய நிலையில் இருப்பவர் கையை உதறிக்கொண்டு “கெட் ஆஃப்!” என்றால் அது வேறு. உடனே கையை எடுத்துவிட்டு ஒரு அடி தள்ளி நில்லுங்கள்.

இந்த ஊர் மண்ணுக்கும் இந்தச் சொல்லுக்கும் பழைய உறவு. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்து 866-ல் யார்க் நகரைப் பிடித்த வைக்கிங்குகள் இங்கேயே தங்கிவிட்டார்கள். விட்பி, செல்பி என்று ‘பி’யில் முடிகிற ஊர்ப்பெயர்கள் அவர்கள் வைத்தவை. ‘கெட்’ அவர்களுடைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ‘ஸ்கின்’, ‘லெக்’, ‘இல்’ (ill), ‘தே’ (they) இவையும் அப்படித்தான். தோலும் காலும் நோயும் ‘கெட்’டும் ஒரே கப்பலில் வந்திறங்கின என்று ஒரு செவிலியருக்குத் தெரியவரும்போது ஏற்படுகிற சந்தோஷம் தனி. படித்தவர்களின் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ எல்லாம் பிரெஞ்சும் லத்தீனும் கொடுத்தவை. வலியில் இருப்பவர் வாயில் பழைய சொல்தான் முதலில் வருகிறது.

இனி நாம் பேசுகிற ‘கெட்’. ‘எழுந்திருங்க’ என்று நாம் மரியாதையாகச் சொல்வதை அப்படியே “கெட் அப்” என்று ஆங்கிலத்தில் சொன்னால் அதட்டல் மாதிரி கேட்கும். தமிழில் அந்த ‘ங்க’ செய்கிற வேலையை இங்கே வேறொன்று செய்ய வேண்டும். “லெட்’ஸ் கெட் யூ அப்” என்று சொல்லுங்கள். இன்னும் உள்ளூர்த்தனமாக, “ஷல் வி கெட் யூ சாட் அப்?” என்று கேளுங்கள், நிமிர்ந்து உட்காரலாமா என்று பொருள். நம்மையும் சேர்த்துச் சொல்லும்போது, உங்களை நான் தாங்கிக்கொள்கிறேன் என்று அவர்களுக்குக் கேட்கிறது. ‘இறங்குங்க’ என்பதற்கு ‘கெட் டவுன்’ போடுவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே பேருந்திலிருந்து ‘கெட் ஆஃப்’, காரிலிருந்தும் கட்டிலிலிருந்தும் ‘கெட் அவுட் ஆஃப்’. கட்டிலில் இருக்கிற ஒருவரிடம் ‘கெட் டவுன்’ என்றால் குனி, பதுங்கு என்று எடுத்துக்கொண்டு குழம்பிவிடுவார்.

குறிப்பில் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், ‘கெட்’டோடு. அதன் கீழே நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தெளிவான சொல்லில் எழுதுங்கள்: இப்போது வலி உண்டா, எத்தனை தடவை, யார் பிடித்தால் நிற்க முடிகிறது. ஹேண்ட்ஓவரில் “நாட் கெட்டிங் அப்” என்று மட்டும் சொன்னால் அடுத்த ஷிப்ட்டுக்கு ஒன்றும் தெரியாது. எழ விருப்பமில்லையா, முடியவில்லையா, எழக்கூடாது என்று டாக்டர் சொன்னாரா? மூன்றும் மூன்று விதமான நோயாளி.

போனில் பேசும்போதுதான் நம் பிள்ளைகளுக்கு நடுக்கம் அதிகம். ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். “ஐ’ல் கெட் த டாக்டர்” என்றால் இதோ, இப்போதே டாக்டரைக் கூட்டிவருகிறேன் என்று பொருள். எதிர்முனையில் இருப்பவர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். “ஐ’ல் கெட் த டாக்டர் டு ரிங் யூ” என்றால் டாக்டரைப் போன் செய்ய வைக்கிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். ராத்திரி எட்டு மணி வரை போன் வராவிட்டால், சொன்னது நீங்கள்தான். டாக்டர் வேறொரு வார்டில் இருக்கிறாரா, அவசரத்தில் மாட்டியிருக்கிறாரா என்பது நம் கையில் இல்லை. அதனால் நான் அந்த இடத்தில் ‘கெட்’ போடுவதில்லை. “ஐ’ல் ஆஸ்க் த டாக்டர் டு ரிங் யூ, பட் ஐ கான்ட் ஸே வாட் டைம்” என்பேன். கேட்டவர் பெயரையும் எண்ணையும் எழுதி, டாக்டரிடம் சொன்ன நேரத்தையும் பக்கத்தில் குறித்துவைப்பேன். டியூட்டி முடியும் முன் டாக்டர் கூப்பிடவில்லை என்றால், அதை அடுத்த ஷிப்ட்டிடம் வாயாலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.